பென்ஷன் பிடித்தம் என்று ஒரு வரி

இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் புதிதாகச் சேர்ந்த செவிலியரின் முதல் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். அவர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து போனவர் என்று வைத்துக்கொண்டால் விஷயம் நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும். 2025-26 கணக்குப்படி ‘பேண்ட் ஐந்து’ என்ற சம்பள நிலையின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. மாதத்துக்கு 2,587 பவுண்டும் சில்லறையும். பிடித்தங்களில் மூன்று வரிகள் முக்கியம்: வருமான வரி, தேசியக் காப்பீடு, பென்ஷன். முதல் இரண்டையும் பற்றி யாரும் பேசுவதில்லை, பேசிப் பயனில்லை. மூன்றாவது வரியில் 214 பவுண்டு 76 பென்ஸ் என்று இருக்கிறது. “இத மட்டும் நிறுத்திக்கலாமாம்” என்று யாராவது ஒருவர் சாப்பாட்டு வேளையில் சொல்லிவைப்பார்.

அது உண்மைதான். நிறுத்தலாம். 214 பவுண்டு என்பது ரூபாயில் இருபதாயிரத்துக்கு மேல். ஊரில் படிப்புக் கடன் நிற்கிறது, இங்கே வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், குழந்தையையும் கணவரையும் அழைத்துவர வேண்டும். 68 வயதில் வரப்போகும் ஒரு தொகைக்காக இந்த மாதம் இருபதாயிரம் ரூபாயை விடுவது அவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நிறுத்தினால் அந்த 214 பவுண்டும் கைக்கு வராது. பென்ஷன் பிடித்தம் வருமான வரி கணக்கிடுவதற்கு முன்பே கழிக்கப்படுகிறது. பிடித்தம் நின்றால் அந்தத் தொகைக்கும் 20 சதவீத வரி விழும். கையில் கூடுவது 172 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இன்னொரு பக்கம், அவருக்காக மருத்துவமனை நிர்வாகம் கட்டும் பங்கு 2024 ஏப்ரல் முதல் சம்பளத்தில் 23.7 சதவீதம். இந்தச் சம்பளத்துக்கு மாதம் 613 பவுண்டு. அவர் விலகிவிட்டால் அந்த 613 அவருடைய சம்பளத்தில் சேராது. கட்டப்படாமல் நின்றுவிடும், அவ்வளவுதான். 172 பவுண்டு சம்பள உயர்வு என்று அவர் நினைப்பது, கூட்டிக் கழித்துப் பார்த்தால் சம்பளக் குறைப்பு. யாரும் அதற்கு அந்தப் பெயரை வைப்பதில்லை.

நம்மவர்களுக்கு இது பிடிபடாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. பென்ஷன் என்ற சொல்லைக் கேட்டதும் தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்த செவிலியரின் மனதில் வருவது பி.எஃப். அவர் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம், பெயரில் ஒரு கணக்கு, வேலையை விட்டால் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு வந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமும் ஆளுக்கொரு கணக்கு என்ற வடிவில்தான் இருந்தது. இலங்கையில் 8 சதவீதமும் 12 சதவீதமுமாகச் சேரும் ஊழியர் சேமலாப நிதியும் அதே வகை. எல்லாமே உண்டியல்கள். உண்டியலில் போட்டால் சேரும், போடாவிட்டால் சேராது, உடைத்தால் உள்ளே இருப்பது வரும்.

என்.எச்.எஸ். பென்ஷனில் உண்டியலே கிடையாது. என்.எச்.எஸ். என்ற தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியபோதே கூடப் பிறந்த திட்டம் இது. ஊழியரிடமும் நிர்வாகத்திடமும் வாங்கும் பணம் எந்த நிதியிலும் முதலீடு செய்யப்படுவதில்லை; இன்றைய ஓய்வூதியர்களுக்கு இன்றே போய்விடுகிறது, மிச்சமும் பற்றாக்குறையும் அரசுக் கருவூலத்தின் கணக்கு. ஊழியருக்குக் கிடைப்பது சட்டப்படியான ஒரு வாக்குறுதி. 2015-இல் தொடங்கிய இப்போதைய திட்டத்தில் அந்த வாக்குறுதியின் சூத்திரம் எளிமையானது: ஒவ்வோர் ஆண்டும் வாங்கும் சம்பளத்தை 54-ஆல் வகுத்தால் வருவது, அந்த ஆண்டில் சம்பாதித்த பென்ஷன். நம் செவிலியருக்கு 575 பவுண்டு. ஓய்வுக்குப் பிறகு ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் 575.

அது அப்படியே உறைந்து நிற்பதும் இல்லை. திட்டத்தில் இருக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் விலைவாசி உயர்வோடு கூடுதலாக 1.5 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். 35 ஆண்டு தொடர்ந்து இருந்தால் அந்த முதல் வருடத்து 575, இன்றைய விலைமதிப்பிலேயே 968 பவுண்டு ஆகிவிடும். திட்டத்தை விட்டு விலகியவருக்கு, ஏற்கெனவே சேர்ந்த பென்ஷன் விலைவாசி அளவுக்கு மட்டும் ஏறும். மேலே சொன்ன 1.5 சதவீதம் நின்றுபோகும். ஆகவே விலகல் இனி சேரப்போவதை மட்டும் நிறுத்துவதில்லை, முன்பு சேர்த்ததன் வளர்ச்சியையும் மெதுவாக்குகிறது. ஓராண்டுக்கு அவர் கையை விட்டுப் போவது ஏறத்தாழ 2,060 பவுண்டு. வருவது ஆண்டுக்கு 575-இல் தொடங்கி வளர்கிற ஆயுள் வருமானம். ஓய்வு பெற்று நாலு வருடம் உயிரோடு இருந்தால் போட்டது வந்துவிடும். கடையில் இந்த விலைக்கு இப்படி ஒரு சரக்கு கிடையாது.

இவ்வளவு நல்ல திட்டத்துக்குள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ள அதை நடத்தியவர்கள் எப்போதும் ஆவலாக இருந்ததில்லை. வாரத்தில் பாதிக்கும் குறைவான நேரம் வேலை பார்த்தவர்களுக்கு 1991 ஏப்ரல் வரை உள்ளே இடமில்லை. பகுதிநேரம் பார்த்தவர்கள் யார்? பிள்ளை வளர்த்துக்கொண்டே இரவுப் பணிக்கு வந்த பெண்கள். இது மறைமுகமான பால் பாகுபாடு என்று 1990-களில் பிரிட்டனின் பொது, தனியார் துறைகளிலிருந்து ஏறத்தாழ 60,000 பகுதிநேர ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்குகளில் முதன்மையானதில் எதிர்த்தரப்பாக இருந்தது வுல்வர்ஹாம்ப்டன் நகரத்தின் ஒரு என்.எச்.எஸ். ட்ரஸ்ட், அதாவது மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாக அமைப்பு. 2000-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் 2001-இல் பிரபுக்கள் சபையும் தீர்ப்புச் சொன்ன பிறகு, 1976 ஏப்ரல் 8 வரை பின்னோக்கிப் போய் விடுபட்ட பணிக்காலத்தைச் சேர்த்துக்கொள்ள வழி பிறந்தது. ஆனால் இரண்டு நிபந்தனைகள்: அத்தனை வருடத்துக்கான தன் பங்கையும் ஊழியர் கட்ட வேண்டும், வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். ஏழாவது மாதம் விவரம் தெரியவந்தவருக்குத் தீர்ப்பு இருந்தும் பயனில்லை.

இது உள்ளே விடாத கதை. உள்ளே இருந்தவர்களை வெளியே இழுத்த கதை அதற்கு நடுவிலேயே நடந்தது. மார்கரெட் தாட்சர் அரசு 1988-இல் இரண்டு காரியம் செய்தது. நிறுவனத்தின் பென்ஷன் திட்டத்தில் ஊழியர் சேர்ந்தே ஆக வேண்டும் என்று எந்த முதலாளியும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. தனிநபர் பென்ஷன் விற்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. கமிஷனுக்கு வேலை செய்த முகவர்கள் செவிலியர், ஆசிரியர், சுரங்கத் தொழிலாளர் என்று ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். “உங்கள் பணம், உங்கள் கட்டுப்பாட்டில்” என்ற தொனியில் நடந்த வியாபாரம் அது. நிர்வாகத்தின் பங்கு ஒரு பைசா வராத, பங்குச் சந்தையோடு ஏறி இறங்குகிற கணக்குகளுக்காக, சட்டம் உறுதிசெய்த பென்ஷனை விட்டு மக்கள் போனார்கள். 1988 முதல் 1994 வரை நடந்த இந்தத் தவறான விற்பனைக்கு நிறுவனங்கள் பிறகு கொடுத்த நஷ்ட ஈடு 1,100 கோடி பவுண்டுக்கு மேல். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நஷ்ட ஈட்டின் முதல் விருப்பமாகக் கட்டுப்பாட்டு அமைப்பு எதைச் சொன்னது என்பது. ஏமாந்தவரைப் பழைய திட்டத்துக்குள்ளேயே, விலகாமல் இருந்திருந்தால் எங்கே இருப்பாரோ அங்கே, கொண்டுபோய் வைக்கச் சொன்னது. அதற்கான செலவு, விற்ற நிறுவனத்தின் தலையில்.

ஏமாற்றியவர் என்று சுட்ட ஒருவர் இருந்தால் இப்படித் திரும்ப முடிகிறது. தானே விலகியவருக்கு அந்த வழி இல்லை.

2012 அக்டோபரிலிருந்து பிரிட்டனில் காற்று திரும்பியது. 2008-ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டப்படி, 22 வயதுக்கு மேல், அரசு ஓய்வூதிய வயதுக்குக் கீழ், ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் வாங்கும் ஊழியரை முதலாளியே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்பவர் எழுதிக்கொடுத்து விலகலாம். சேர்வதற்கு எழுதிக்கொடுக்கும் காலம் போய், விலகுவதற்கு எழுதிக்கொடுக்கும் காலம் வந்தது. என்.எச்.எஸ். இதைவிட ஒரு படி மேலே போகிறது: பொதுவாக 16 முதல் 75 வயது வரையுள்ள எல்லாரும் வேலையில் சேரும் நாளிலேயே பென்ஷனிலும் சேர்ந்துவிடுகிறார்கள். விலகும் படிவத்தின் பெயர் எஸ்.டி. 502. இதை மருத்துவமனை மேலதிகாரியோ மனிதவளப் பிரிவோ எடுத்து நீட்டக் கூடாது. ஊழியரே பென்ஷன் நிர்வாகத்திடமிருந்து பெற்று நிரப்ப வேண்டும். ஆள் விலகினால் முதலாளிக்கு லாபம் என்பதால், விலகும்படி தூண்டுவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

விலகும் நாளைப் பொறுத்துப் பலன் மாறும். சேர்ந்த ஒரு மாதத்துக்குள் விலகினால் சேரவே இல்லை என்று கணக்கு. பிடித்தது சம்பளத்தோடு திரும்பிவரும். அதற்குப் பிறகு, ஆனால் இரண்டு வருடம் முடிவதற்குள் விலகினால், தான் கட்டியதை மட்டும் திருப்பிக் கேட்கலாம். முதல் 20,000 பவுண்டுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம் வரி கழியும். இரண்டு வருடம் தாண்டினால் பணம் திரும்பாது, சேர்ந்த பென்ஷன் அவர் பெயரில் காத்திருக்கும். பி.எஃப். பழக்கத்தில் ஊறியவருக்கு இந்த இரண்டு வருடக் கோடு தலைகீழாகத் தெரிகிறது. “ரெண்டு வருஷம் ஆனா பணம் மாட்டிக்கும், அதுக்குள்ள எடுத்துடு” என்பது அந்தக் கணக்கு. நடப்பதோ வேறு. இரண்டு வருடம் ஆன அன்றுதான் வாக்குறுதி உறுதியாகிறது.

“நாம என்ன இங்கேயேவா இருக்கப்போறோம்?” என்பது அடுத்த கேள்வி. திரும்பி ஊருக்கே போனாலும் என்.எச்.எஸ். பென்ஷன் அங்கே வரும். விலைவாசிக்கேற்ற உயர்வும் சேர்ந்தே வரும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தேசியக் காப்பீட்டின் மூலம் கிடைக்கும் பிரிட்டன் அரசின் பொது ஓய்வூதியம் இதற்கு நேர்மாறு: பத்து வருடப் பதிவு இல்லாவிட்டால் ஒன்றுமே கிடையாது; இந்தியாவிலோ இலங்கையிலோ குடியிருந்தால் முதலில் வாங்கிய தொகையிலேயே ஆயுள் முழுக்க நின்றுவிடும். விலக முடியாத காப்பீடு ஊரில் உறைந்துபோகிறது. விலக முடிகிற பென்ஷன் ஊருக்கும் வந்து வளர்கிறது. பெட்டி கட்டித் திரும்பும் எண்ணம் உள்ளவர் இரண்டில் ஒன்றை விட முடியுமென்றால் எதை விட வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். அவருக்கு விட அனுமதி இருப்பதோ நல்லதை மட்டும்.

ஓய்வுக்கு முன்பே தேவைப்படும் ஒன்றும் இந்த 214 பவுண்டுக்குள் இருக்கிறது. திட்டத்தில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு வருடச் சம்பளம் மொத்தமாக வரும். துணைக்கும் பிள்ளைகளுக்கும் தனியே பென்ஷன். சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தாலும் அந்த மொத்தத் தொகை உண்டு. இதன் அருமை 2020 ஏப்ரலில் வெளியே தெரிந்தது. கொரோனாவில் மருத்துவமனை ஊழியர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். முதல் வாரங்களில் இறந்தவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரும் அவர்கள் எண்ணிக்கைக்கு மீறிய அளவில் இருந்தார்கள். பென்ஷனில் இல்லாதவர்கள், ஓய்வு பெற்றுவிட்டு அழைப்பை ஏற்றுத் திரும்பி வந்தவர்கள், பராமரிப்பு இல்லப் பணியாளர்கள் எனப் பலருடைய குடும்பங்களுக்கு அந்த இரண்டு வருடச் சம்பளம் கிடையாது. மாத இறுதியில் அரசு தனியாக ஓர் ஏற்பாடு அறிவித்தது: பணியில் தொற்றி இறந்தவர் குடும்பத்துக்கு 60,000 பவுண்டு, பென்ஷனில் இருந்தாரா இல்லையா என்ற கேள்வி இல்லாமல். ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை அரசே ஒப்புக்கொண்ட அறிவிப்பாகத்தான் அதைப் படிக்க வேண்டும்.

அப்படியானால் விலகுகிறவர்களின் அறியாமைதான் பிரச்சினையா? சில ஆண்டு முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. அறிவில் குறை சொல்ல முடியாத ஒரு கூட்டமும் இந்தத் திட்டத்தைவிட்டு விலகியது: மூத்த மருத்துவர்கள். 2016-இல் வந்த வரிவிதிப்பு மாற்றத்தில், அதிகச் சம்பளம் வாங்குகிறவர் ஓராண்டில் சேர்க்கும் பென்ஷன் ஒரு வரம்பைத் தாண்டினால், கையில் இன்னும் வராத அந்தப் பென்ஷனுக்கு இப்போதே வரி கட்ட வேண்டியதாயிற்று. கூடுதல் ஷிஃப்ட் பார்த்தால் சம்பாதித்ததைவிட வரி அதிகம் என்ற நிலை சிலருக்கு வந்தது. ஷிஃப்டைக் குறைத்தார்கள், அறுவைசிகிச்சைக் காத்திருப்புப் பட்டியல் நீண்டது, சிலர் பென்ஷனிலிருந்தே வெளியேறினார்கள். அரசு என்ன செய்தது? 2019-20-க்கான அந்த வரியை மருத்துவர்களுக்காகத் தானே ஈடுகட்டுவதாக இங்கிலாந்தின் என்.எச்.எஸ். உறுதி கொடுத்தது. 2020 பட்ஜெட்டில் இந்த வரிக்கான வருமான வரம்பு உயர்ந்தது. 2023-இல் ஆண்டு வரம்பு 40,000-லிருந்து 60,000 பவுண்டானது. 10,73,100 பவுண்டு என்றிருந்த ஆயுட்கால வரம்பு 2024 ஏப்ரலில் சட்டத்திலிருந்தே நீங்கியது.

நான்கு ஆண்டில் நான்கு சலுகை. அவற்றில் தவறு இருந்தது என்று சொல்லவில்லை. வரி முறை கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் வார்டைக் கூட்டித் துடைப்பவர், உதவியாளர், ஐந்தாம் பேண்ட் செவிலியர் ஆகியோர் வாடகைக்காக விலகும்போது அதே வேகம் யாருக்கும் வரவில்லை. 2022 அக்டோபரிலிருந்து 2024 ஏப்ரலுக்குள் பிடித்தத்தின் விகிதங்கள் மாறியபோது, உச்சியில் 14.5 சதவீதம் கட்டியவர் 12.5-க்கு இறங்கினார், கீழே 5.6 கட்டிய பலர் 6.5-க்கு ஏறினார்கள். இதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது: கடைசிச் சம்பளத்தை வைத்துப் பென்ஷன் போட்ட பழைய முறையில் மேலே இருந்தவர்களுக்குத்தான் லாபம், சராசரிச் சம்பள முறையில் அந்த லாபம் இல்லை, ஆகவே அதிக விகிதமும் வேண்டியதில்லை. கணக்காகப் பார்த்தால் சரி. மாதக் கடைசியில் பர்ஸைப் பார்ப்பவருக்கு அது ஆறுதலாகாது. அதே மாற்றத்தில் ஒரு நல்லதும் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: பகுதிநேர ஊழியருக்கு முழுநேரச் சம்பளத்தை வைத்து விகிதம் போட்ட வழக்கம் 2022 அக்டோபரோடு நின்றது.

பாதிப் பங்கு கட்டிப் பாதிப் பென்ஷன் பெறும் வழி என்.எச்.எஸ்.ஸில் இல்லை. அதே ஊரில் நகராட்சி ஊழியருக்கு 2014 ஏப்ரலிலிருந்து அந்த வழி உண்டு. பாதியே கட்டும் மாதங்களிலும் நகராட்சி தன் முழுப் பங்கையும் கட்டும். இறப்புப் பலன் முழுதாக நிற்கும். சுகாதாரத் துறையிலும் 2019 ஜூலையில் இந்தப் பாதித் திட்டம் ஆலோசனைக்கு வந்தது. யாருக்காக என்று பார்த்தால், வரிச் சிக்கலில் மாட்டிய மூத்த மருத்துவர்களுக்காக. அவர்கள் பிரச்சினை வேறு வழியில் தீர்ந்ததும் யோசனை கிடப்பில் போயிற்று. எனக்குத் தெரிந்த அளவில் குறைந்த சம்பளக்காரரைத் திட்டத்துக்குள் வைத்திருக்க அதைவிட நேரான வழி இல்லை. கடன் அடையும்வரை இரண்டு வருடம் 107 பவுண்டு கட்டுவதற்கும், ஒன்றுமே கட்டாமல் வெளியே நிற்பதற்கும் நடுவே ஒரு குடும்பத்தின் காப்பீடு இருக்கிறது.

கணக்குக்குள் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறுகிறவருக்கு, பென்ஷன் பிடித்தம் போன பிறகுள்ள வருமானமே கணக்கில் எடுக்கப்படும். வருமானம் ஒரு பவுண்டு குறைந்தால் உதவி 55 பென்ஸ் ஏறும். ஆகவே இதே சம்பளத்தில் அந்த உதவி வாங்கும் ஒரு தாய்க்கு 214 பவுண்டுப் பிடித்தத்தின் உண்மையான பாரம் மாதம் 77 பவுண்டுதான். விசாவில் இருக்கும் நம் செவிலியருக்கு அந்த உதவி கிடையாது. அவருக்கு 172 என்பது 172-தான். ஒரே வார்டில், ஒரே பேண்டில், இருவருக்கு இரண்டு விலை.

விலகியவர் திரும்புவது எப்படி? நடைமுறை சுலபம். சம்பளப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தால் அடுத்த சம்பளக் காலத்திலிருந்து சேரலாம். மருத்துவச் சோதனை இல்லை, காத்திருப்புப் பட்டியல் இல்லை. வேறு ட்ரஸ்டில் புது வேலைக்குப் போனால் கேட்காமலே சேர்த்துவிடுவார்கள். முன்பு கொடுத்த விலகல் அங்கே செல்லாது. ட்ரஸ்டின் சொந்தத் தற்காலிகப் பணிப் பட்டியலான ‘பேங்க்’ வழி வரும் ஷிஃப்டுகளுக்கும் இந்தப் பென்ஷன் உண்டு. தனியார் ஏஜென்சி வழியாகப் பார்க்கும் ஷிஃப்டுக்கு இல்லை. மணிக்கு இரண்டு பவுண்டு அதிகம் என்று ஏஜென்சிக்குப் போகிறவர்கள் இதையும் கூட்டிப் பார்ப்பது நல்லது. கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் பழைய 1995, 2008 பிரிவுகளில் பணிக்காலம் உள்ளவர் ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிட வேண்டும். தாண்டினால் பழைய பென்ஷனுக்கும் பிற்காலச் சம்பள உயர்வுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும்.

திரும்புவது சுலபம், விட்டதைப் பிடிப்பது அப்படியில்லை. விலகி இருந்த வருடங்களைப் பின்தேதியிட்டுச் சேர்க்க முடியாது. கூடுதல் பென்ஷன் விலைக்கு உண்டு, ஆனால் வயதுக்கேற்ற விலை, நிர்வாகத்தின் 23.7 சதவீதம் அதற்கு வராது. ஒரே ஒரு விதிவிலக்கு நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2015-இல் எல்லாரையும் புதுத் திட்டத்துக்கு மாற்றியபோது, ஓய்வு வயதை நெருங்கியவர்களை மட்டும் பழைய திட்டத்திலேயே விட்டார்கள். இளைய நீதிபதிகளும் தீயணைப்பு வீரர்களும் தொடுத்த மெக்ளவுட் வழக்கில் இது வயதுப் பாகுபாடு என்று 2018 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. அந்த மாற்றத்தைக் கண்டு வெறுத்துத் திட்டத்தை விட்டவர்கள், அதுதான் காரணம் என்று காட்ட முடிந்தால், விடுபட்ட காலத்தைத் திரும்பக் கேட்கலாம். தன் பங்கைக் கட்ட வேண்டும். அரசின் தவறு விலகலுக்குக் காரணமானால் கடிகாரம் பின்னோக்கிச் சுழலும். வாடகை காரணமானால் சுழலாது.

ஓய்வு பெற்றுவிட்டு மீண்டும் வேலைக்கு வருபவர்களின் கதையும் சமீபத்தில் மாறியது. 1995 பிரிவில் பென்ஷன் வாங்கத் தொடங்கியவர் வேலைக்குத் திரும்பினாலும் பென்ஷனில் மறுபடி சேர முடியாது என்பது பழைய விதி. 2023 ஏப்ரல் 1 முதல் 2015 திட்டத்தில் சேரலாம். ஆள் பற்றாக்குறை, வேறென்ன.

நம் செவிலியரிடம் திரும்புவோம். அவர் முதல் மாதத்திலேயே விலகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, விலகியவர்களை நிர்வாகம் மறுபடி சேர்த்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் வாங்கினால் மட்டும். ஆறாயிரம், ஏழாயிரம் என்று இரண்டு சிறு வேலை பார்க்கிறவரை யாரும் தேடி வரமாட்டார்கள். நம்மவரைச் சேர்த்துவிடுவார்கள். இதற்குள் இரண்டு வருட அனுபவப் படி ஏறி, அதே 2025-26 அளவுகோலில் சம்பளம் 33,487 பவுண்டு ஆகியிருக்கும். ஒரு நாள் தபாலிலோ மின்னஞ்சலிலோ கடிதம் வரும்: உங்களைப் பென்ஷன் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம். அந்த மாதச் சீட்டில் மூன்றாவது வரி மறுபடி தோன்றும், இப்போது 231 பவுண்டு 62 பென்ஸ். வேண்டாமென்றால் ஒரு மாதத்துக்குள் எஸ்.டி. 502 நிரப்பி அனுப்ப வேண்டும். படிப்புக் கடனில் இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று அவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.